17ஆம் இந்திய டிவிஷன்: சிட்டாங்கில் அழிந்ததா, மெய்க்டிலாவைப் பிடித்ததா?

ரங்கூன் மணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மன்றத்துப் பிள்ளைகளை வருகிற பிப்ரவரியில் இரண்டு நாள் கூட்டிப்போக ஏற்பாடு நடக்கிறது. முதல் நாள் தவுச்சான் போர்க் கல்லறை. மறுநாள் பெகு, வாவ் வழியாக சிட்டாங் ஆறு, மொப்பாலின், சைத்தோ. அவர்கள் கையில் கொடுக்க, இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியரோடு சண்டை போட்ட 17ஆம் இந்தியக் காலாட்படை டிவிஷனைப் பற்றி நாலு பக்கம் தயாராகிறது. சில இடங்களில் முட்டுகிறது.

1942இல் சிட்டாங் ரயில் பாலத்தைத் தகர்த்தபோது சொந்தப் படையில் பெரும்பகுதி கிழக்குக் கரையில் நின்றது என்கிறார்கள். அப்படியிருக்க ஏன் தகர்த்தார்கள்? டிவிஷன் தளபதி ஸ்மித் பதறிப்போனார் என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது நியாயமா?

அந்த டிவிஷன் அங்கேயே ஒழிந்தது என்று ஒரு பிரசுரம். 1945இல் நடு பர்மாவின் மெய்க்டிலாவைப் பிடித்ததும் 17ஆம் டிவிஷன்தான் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே படையா, நம்பர் மட்டும் ஒன்றா?

கடைசியாக, நம் தமிழ் ஆட்கள் அதில் இருந்தார்களா? தவுச்சானில் பெயர்களை எங்கே, எப்படித் தேடுவது?

கரும்பூனை பதில்:

மணி அண்ணே, ஸ்மித்தை ஒரே வரியில் தூக்கில் போடாதீர்கள். பாலம் போனது 1942 பிப்ரவரி 23 விடியற்காலை ஐந்தரை மணிக்கு. ஆனால் விஷயம் கெட்டது அதற்குப் பத்து நாள் முன்னாலேயே.

முதலில் அந்த டிவிஷன் எந்த லட்சணத்தில் பர்மாவுக்கு வந்தது என்று பாருங்கள். 1941இல் அகமத்நகரில் திரட்டியபோது அதன் பிரிகேடுகள் (டிவிஷனின் உட்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் சில பட்டாலியன்கள்) 44, 45, 46. மத்தியக் கிழக்குப் பாலைவனத்துக்கு என்று லாரியில் போகவும் சாலையை ஒட்டிச் சண்டை போடவும் பழக்கினார்கள். ராணுவம் அவசரமாகப் பெருத்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டாலியன்களில் இருந்த பழுத்த ஹவில்தார்களை உருவி உருவிப் புதுப் பட்டாலியன்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் பாதிப்பேர் புதுப் பையன்கள். ஜப்பான் போரில் இறங்கியதும் 45 மலாயாவுக்குப் போய் ஜனவரியில் மூவாரில் சிதைந்தது. 44 சிங்கப்பூருக்குப் போய் பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. ஆக 17 என்ற பலகையோடு ஸ்மித் ரங்கூன் வந்தபோது அவருடைய சொந்த பிரிகேடு 46 ஒன்றுதான். ஏற்கெனவே பர்மாவில் இருந்த 16ஐயும் 2ஆம் பர்மா பிரிகேடையும் அவர் கையில் கொடுத்தார்கள். 48ஆம் கூர்க்கா பிரிகேடு மோல்மேன் விழுந்த ஜனவரி 31 வாக்கில்தான் வந்து சேர்ந்தது. ஒன்றோடு ஒன்று பழகாத பிரிகேடுகள். எதிரில் ஜப்பானின் 55ஆம் டிவிஷனும் 33ஆம் டிவிஷனும்.

பிப்ரவரி 12 அன்றே, சிட்டாங்குக்குப் பின்னால் போய்விடலாம், மேற்கே திறந்த வெளி, அங்கே நின்று அடிக்கலாம் என்று ஸ்மித் தன் தலைமையகத்து அதிகாரி கோவனை ரங்கூனுக்கு அனுப்பிக் கேட்டார். பர்மாப் படைக்கே தளபதியாக மேலே இருந்த ஹட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் மேலே வேவெல், ஒரு அடி கூட விடாதே என்று நெருக்கிக்கொண்டிருந்தார். பிலின் ஆற்றங்கரையில் சண்டை. 19ஆம் தேதிதான் அனுமதி கிடைத்தது. பிலினிலிருந்து பாலத்துக்குச் சுமார் 30 மைல், நல்ல சாலை பாதிதான், சைத்தோவுக்கு அப்பால் செம்மண் தடம். கொடுமை என்னவென்றால், பின்வாங்கும் உத்தரவைச் சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாகவே வயர்லெஸ்ஸில் பேசினார்கள். ஜப்பானியர் காதில் விழுந்தது. 33ஆம் டிவிஷன் சாலையை விட்டுக் காட்டு வழியில் நேரே பாலத்துக்கு ஆட்களை ஓட வைத்தது.

21ஆம் தேதி இன்னும் மோசம். சைத்தோ பக்கம் விடியும்போதே தலைமையகத்தின் மேல் தாக்குதல். பகல் முழுக்கப் புழுதி, குடிக்கத் தண்ணீர் இல்லை. மேலிருந்து சொந்த விமானங்களே தவறுதலாகக் குண்டு போட்டுச் சுட்டன. லாரிகள் எரிந்தன, கோவேறு கழுதைகள் மிரண்டு ஓடின. 12ஆம் தேதி கேட்டதைக் கொடுத்திருந்தால் மூன்று பிரிகேடும் நடந்தே பாலத்தைத் தாண்டியிருக்கும் என்பது என் கணக்கு.

சாப்பர் பேரன் பதில்:

கரும்பூனை சொன்னது மேல்மட்டக் கதை. பாலத்தின் மேல் என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஏன் விடியும் முன்னே என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அது இரும்பு ரயில் பாலம். 11 கண், ஒவ்வொரு கண்ணும் 150 அடி, மொத்தம் 550 கஜம். லாரி போவதற்காகத் தண்டவாளத்தின் மேல் பலகை அடித்திருந்தார்கள். ஒரு வரிசை வண்டி மட்டும் போகலாம், எதிரே வர முடியாது. 22ஆம் தேதி அதிகாலை இருட்டில் ஒரு லாரியின் சக்கரம் பலகையை விட்டு இறங்கி மாட்டிக்கொண்டது. அதை அப்புறப்படுத்தப் பல மணி நேரம். பின்னால் மொப்பாலின் வரை வண்டி மேல் வண்டி. அந்த நேரத்துக்குள் கடந்திருக்க வேண்டியவை கடக்கவில்லை. காலையில் ஜப்பானியர் பாலத்தின் கிழக்குத் தலைப்பில் வந்து விழுந்தார்கள். பாலத்தைப் பார்த்தபடி இருக்கும் பகோடாக் குன்று கைமாறியது. அங்கிருந்து மெஷின்கன் வைத்தால் பாலத்தின் நீளம் முழுக்க அடி.

வெடி வைத்தது மலேர்கோட்லா சமஸ்தானத்தின் சாப்பர் (ராணுவப் பொறியாளர்) கம்பெனி. மின் ஒயர் மேற்குக் கரை வரை எட்டவில்லை. அதனால் வெடியை இயக்கும் இடத்தைப் பாலத்தின் மேலேயே வைக்க வேண்டியதாயிற்று. இந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகள்தான் ஸ்மித் பதறினார் என்று முடிக்கின்றன. பகல் வந்தால் அந்த இடத்தில் ஆள் குந்தியிருக்க முடியாது. குன்றிலிருந்து அடித்துத் தூக்கிவிடுவார்கள். அதாவது விடிந்த பிறகு பாலத்தைத் தகர்க்க வேண்டி வந்தாலும் தகர்க்க முடியாமலே போகலாம். பாலம் முழுசாக எதிரி கைக்குப் போனால் ரங்கூனுக்கு நேர் வழி.

பாலத்தின் பொறுப்பு 48ஆம் பிரிகேடு தளபதி ஹியூ-ஜோன்ஸ் கையில். பகலில் பாலத்தை வைத்துக் காப்பதற்கு உறுதி தர முடியாது என்று அவர் இரவில் தகவல் சொன்னார். கேள்வி போனில் கோவன் வழியாக ஸ்மித்துக்குப் போயிற்று. வெடி வைக்கச் சம்மதம் கொடுத்தவர் ஸ்மித். அப்போது 16, 46 ஆகிய பிரிகேடுகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில்.

படகு ஏன் இல்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று கிழக்குக் கரைச் சம்பான்களை முன்பே அழித்துவிட்டார்கள். ஆகவே மூங்கில், பெட்ரோல் தகரம், வீட்டுக் கதவு, கையில் அகப்பட்டதைக் கட்டித் தெப்பமாக்கி, பூட்ஸையும் துப்பாக்கியையும் எறிந்துவிட்டு நீந்தினார்கள். உடைந்த கண்களின் இடைவெளியில் கயிறு கட்டி, நீச்சல் தெரியாதவர்களைப் பிடித்துக்கொண்டு வரச் செய்தார்கள். மலை நாட்டுக் கூர்க்காக்களில் நீச்சல் தெரிந்தவர் குறைவு, பலர் ஆற்றோடு போனார்கள். மறுநாள் மாலை எண்ணிப் பார்த்ததில் டிவிஷனின் காலாட்படை 3,484 பேர். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களிடம்தான் ரைபிள் இருந்தது. கிழக்குக் கரையில் இருந்த பீரங்கி, லாரி எல்லாம் போச்சு.

மாண்டலே வாசகன் பதில்:

ஹட்டன் மேலே பழி போடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் பக்கத்தையும் பாருங்கள். ரங்கூன் துறைமுகத்தில் 7ஆம் கவச பிரிகேடு பிப்ரவரி 21 அன்றுதான் இறங்கியது. பின்னால் 63ஆம் பிரிகேடு கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் தாமதமும் அவருக்குப் பொன். ஸ்மித் 12ஆம் தேதியே ஆற்றைத் தாண்டியிருந்தால் டாங்கிகள் இறங்கும் முன்பே ஜப்பானியர் பெகு வாசலுக்கு வந்திருக்கலாம்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தாமதம் வேண்டுமென்றால் பின்வாங்கும் வழியைச் சரியாகக் காப்பது மேலிடத்தின் வேலை. முப்பது மைலுக்குப் பின்னால் ஒரே பாலம், அதற்குக் காவல் ஒரு கைப்பிடி. அதை 20ஆம் தேதியே ஒரு முழு பிரிகேடைக் கொண்டு இறுக்கியிருக்கலாம். அது ஸ்மித் கையில் இருந்த விஷயம், ஹட்டன் தடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. மார்ச் தொடக்கத்தில் ஸ்மித்துக்குப் பதில் கோவன். ஹட்டன் இடத்துக்கு அலெக்சாண்டர்.

பாலம் போனதால் ஜப்பானியருக்கு ஏற்பட்ட தாமதம் பத்து நாள் போல. ஆற்றின் மேல்பக்கமாகத் தள்ளிப் போய்க் கடந்து வந்தார்கள். மார்ச் 7 அன்று ரங்கூனைக் காலி செய்தார்கள், 8இல் ஜப்பானியர் நுழைந்தார்கள். நீங்கள் போகும் தவுச்சான் சந்திப்பிலேயே அந்த நாள் ஒரு சாலைத் தடை இருந்தது. அலெக்சாண்டர் உட்பட ரங்கூன் படை மொத்தமும் அங்கே மாட்டிக்கொண்டது. மேற்கே ரங்கூனைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த 33ஆம் டிவிஷன், தன் பக்கவாட்டைக் காக்கத்தான் அந்தத் தடையைப் போட்டது. பிரதானப் படை சாலையைக் கடந்ததும் உத்தரவுப்படி தடையை எடுத்துவிட்டுப் போயிற்று. அலெக்சாண்டர் தப்பினார். கல்லறை வாசலில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பதியும்.

ரங்கூன் மணி:

ஒயர் எட்டாத விஷயம் எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் என் கண்ணில் படவில்லை. இரண்டு தரப்பையும் போடுகிறேன். 1945 விஷயத்துக்கு யாராவது?

கரும்பூனை பதில்:

அழியவில்லை அண்ணே. 46ஆம் பிரிகேடைக் கலைத்து மிஞ்சியவர்களை மற்றவற்றில் சேர்த்தார்கள். 16, 48, புதிதாக வந்த 63 ஆகியவற்றோடு கோவன் புரோம், சாவ்சே, சிண்ட்வின் வழியே மே மாதம் இம்பால் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 30 நள்ளிரவில் ஆவா பாலத்தைத் தகர்த்ததும், மே 10 அன்று சிண்ட்வின் கரையில் டாங்கிகளைச் சொந்தக் கையாலேயே உடைத்துப் போட்டதும் இந்தப் பின்வாங்கலில்தான். பர்மாவை விட்டுத் தாமு வழியாக இந்தியாவுக்கு நடந்து போன நம் ஜனங்களும் அதே சாலையில்தான் போனார்கள், ஆனால் அது தனி இழை வேண்டும்.

இம்பாலில் டிவிஷனை உருமாற்றினார்கள். லாரியைக் குறைத்து ஜீப்பும் கோவேறு கழுதையும், மூன்று பிரிகேடுக்குப் பதில் இரண்டு, பெயர் 'இலகு டிவிஷன்'. தோளில் இருந்த மின்னல் சின்னத்தை எடுத்துவிட்டுக் கறுப்புப் பூனையை வைத்தார்கள்.

1944 மார்ச்சில் இம்பாலுக்குத் தெற்கே 164ஆம் மைலில் டிடிமில் இருந்தபோது அதே பழைய 33ஆம் டிவிஷன் பின்னால் வந்து சாலையைப் பல இடத்தில் வெட்டியது. சிட்டாங் மறுபடியும் நடக்கப்போகிறது என்று தோன்றும். நடக்கவில்லை. மார்ச் 14 மாலை கிளம்பி, சுமார் 16,000 பேர், 2,500 வண்டி, 3,500 கோவேறு கழுதையோடு வந்தார்கள். சாலைத் தடையை நேரே மோதவில்லை. மேலே உள்ள மேடுகளைக் காலாட்படை முதலில் பிடிக்கும், தடை தானாகப் பட்டுப்போகும், பிறகு வண்டி நகரும். 126ஆம் மைலில் மணிப்பூர் ஆற்றுப் பாலத்தை, எல்லோரும் கடந்த பிறகு, மார்ச் 26 அன்று தகர்த்தார்கள். உணவும் வெடிமருந்தும் விமானத்தில் விழுந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இம்பால். இரண்டு வருஷத்தில் கற்றதை இந்த ஒரு நடையில் பார்க்கலாம். நாலு பக்கத்தில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

மெய்க்டிலா பற்றிச் சுருக்கமாக. 1945 பிப்ரவரி 14 அன்று 7ஆம் டிவிஷன் நியாங்-ஊ அருகே ஐராவதியைக் கடந்து இடம் பிடித்தது. அதன் வழியாக 17உம் 255ஆம் டாங்கி பிரிகேடும் 21ஆம் தேதி கிளம்பின. 24இல் தவுங்தா, 26இல் தபுட்கோன் விமானத் தளம். 99ஆம் பிரிகேடு அங்கே விமானத்திலேயே வந்து இறங்கியது. ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர், தரையில் நுழைவாயில் குறைவு. ஜப்பானியர் ஒரு வேலை செய்தார்கள்: குழிக்குள் ஒரு சிப்பாய், முழங்காலுக்கு இடையே 250 கிலோ விமானக் குண்டு, கையில் கல். டாங்கி மேலே வந்ததும் திரியைக் கல்லால் அடிக்க வேண்டும். டாங்கியோடு ஒட்டி நடந்த காலாட்கள் குழி குழியாகப் பார்த்துச் சுட்டதால் அது பெரும்பாலும் பலிக்கவில்லை. டாங்கி தனியே போனால் போயிற்று, அவ்வளவுதான். மார்ச் 3 வாக்கில் ஊர் முழுசாகக் கைக்கு வந்தது. பிறகுதான் உண்மையான சோதனை: ஜப்பானின் 18, 49ஆம் டிவிஷன்கள் வெளியே சூழ்ந்தன. தினம் காலையில் விமானத் தளத்தைச் சுற்றிக் காலாட்படை அலசிச் சுத்தம் செய்த பிறகே விமானம் இறங்கும். மாத நடுவில் அதுவும் முடியாமல், பாராசூட்டில் போட்டதை வைத்துக் காலம் தள்ளினார்கள். மாதக் கடைசியில் முற்றுகை தளர்ந்தது.

ஒரே படையா என்ற கேள்விக்குப் பட்டாலியன் பெயரைப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் பா-ஆன் எதிரே குசைக்கில் நொறுங்கிய 7/10 பலூச் (10ஆம் பலூச் ரெஜிமெண்டின் 7ஆம் பட்டாலியன்), 1945இல் மெய்க்டிலாவில் இருக்கிறது. மார்ச் 2 அன்று அதன் நாயக் ஃபசல் தீன் தன் உயிரைக் கொடுத்து விக்டோரியா கிராஸ் வாங்கினார். 4/12 எல்லைப்புறப் படை, 1/7 கூர்க்கா இரண்டும் சிட்டாங்கிலும் உண்டு, மெய்க்டிலாவிலும் உண்டு. கோவன் 1942 மார்ச்சிலிருந்து தளபதி. ஆகவே நம்பர் மட்டும் இல்லை.

மாண்டலே வாசகன் பதில்:

கரும்பூனை முடிவை விட்டுவிட்டார். 17ஆம் டிவிஷன் ரங்கூனுக்கு முதலில் நுழையவில்லை! ஏப்ரல் கடைசியில் பெகு வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தது, மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. கடல் வழியாக வந்த 26ஆம் டிவிஷன் மே 3 அன்று ஊருக்குள் போய்விட்டது. மே 6 அன்று லேகு பக்கம் இரண்டும் சந்தித்தன.

அப்புறம் ஜூலை. 1942இல் 33ஆம் டிவிஷனுக்குத் தளபதியாக இருந்து 17ஐ ஆற்றில் தள்ளியவர் சகுராய் ஷோசோ. 1945இல் அவர் 28ஆம் ராணுவத்தின் தளபதி, பெகு யோமா மலைகளில் மாட்டிக்கொண்டவர். ஜூலை 20 முதல் அவருடைய ஆட்கள் ரங்கூன்–மாண்டலே சாலையைத் தாண்டி, மழை வெள்ளத்தில் மூங்கில் தெப்பம் கட்டி அதே சிட்டாங்கைக் கிழக்கே கடக்கப் பார்த்தார்கள். சாலையில் காத்திருந்தது 17ஆம் டிவிஷன். திட்டத்தின் நகல் முன்பே சிக்கியிருந்ததால் எங்கே, எப்போது என்பதுகூடத் தெரியும். ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

ஆவணப்பித்தன் பதில்:

பெயர் தேடும் விஷயத்துக்கு வருகிறேன்.

டிவிஷன் பெயரை வைத்துத் தவுச்சானில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே பெயர்கள் ரெஜிமெண்ட் வாரியாகத்தான் பொறித்திருக்கிறது. காலாட்படைப் பட்டியலில் தமிழரைத் தேடுவதும் வீண். 17இன் காலாட்படை கூர்க்கா, பலூச், டோக்ரா, ஜாட், பஞ்சாப், எல்லைப்புறம், சில ஆங்கிலப் பட்டாலியன்கள். பர்மா முனையில் மதராஸ் மாகாணத்து ஆட்கள் அதிகம் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ் (ராணுவத்தில் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள்), சப்ளை கோர், சிக்னல், மருத்துவம், பயனியர் கோர். அந்தத் தலைப்புகளின் கீழ் பாருங்கள்.

போகும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தளத்தில் தேடி, தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடினால் நாள் போய்விடும்: ரங்கூன் நினைவுத் தூண்களில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர். கல்லறைகள் 6,374, அதில் 867 பெயர் தெரியாதவை. எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம், ஆயிரத்துக்கு மேல். இந்துப் பெயரைத் தேடுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். தூண்களில் இருப்பவர்கள் பர்மாவில் மட்டும் இல்லை, அசாம் முனையில் செத்தவர்களும் சேர்த்தி. எனவே பெயர் இருக்கிறது என்பதால் சிட்டாங்கில் செத்தார் என்று எழுதிவிடாதீர்கள். தேதியையும் பிரிவையும் சேர்த்துப் பாருங்கள். காணாமல் போனவர்களுக்குச் சில சமயம் ஒரே தேதி இல்லாமல் இன்னதிலிருந்து இன்னது வரை என்று இருக்கும்.

எழுத்துக் கூட்டல் பெரிய தொல்லை. முனுசாமி, முனிசாமி, முனியசாமி எல்லாம் தனித்தனி. முதல் மூன்று நாலு எழுத்தை மட்டும் போட்டு, ரெஜிமெண்டையும் ஆண்டையும் சேர்த்து வடிகட்டுங்கள். அப்பா பெயரும் மாவட்டமும் பல பதிவுகளில் இருக்கும், பழைய பெயரில்: டான்ஜோர், டிரிச்சினாப்பள்ளி, ராம்நாட், டின்னவேலி. வட ஆற்காடும் சேலமும் சாப்பர்ஸ் பக்கம் அடிக்கடி வரும். படைப்பிரிவின் நாள்குறிப்பு வேண்டும் என்றால் லண்டன் க்யூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 வரிசை. அதில் ஆள் பெயர் குறைவு, இடமும் மணியும் துல்லியம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தமிழர் என்றால் ஒரு பக்கம் மட்டும் எழுதாதீர்கள். நியாங்-ஊவில் எதிர்க்கரையில் நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தை (ஐ.என்.ஏ.) சேர்ந்த தில்லனின் நேரு பிரிகேடு. ஐ.என்.ஏ.வில் மலாயா, பர்மாத் தமிழர் ஏராளம். 26ஆம் டிவிஷன் வரும்வரை ரங்கூனில் ஒழுங்கைக் காத்து நின்ற ஐ.என்.ஏ.காரர்களின் தளபதி லோகநாதன். அவர்களில் யாருக்கும் தவுச்சானில் பெயர் இல்லை. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்த கூலிகளுக்கும் தன்பியுசயாட் போர்க் கல்லறையில் பெயர் இல்லை.

சாப்பர் பேரன் பதில்:

பயணத்துக்கு ஒரு வார்த்தை. பாலத்தின் பக்கம் காவல் இருக்கும். கேமராவை வண்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மொப்பாலின் பக்கம் கிழக்கிலிருந்து மேற்கே பார்த்து நின்று விளக்கினால்தான் குன்றும் பாலமும் ஆறும் எப்படி அமைந்தன என்பது புரியும். பெகு பக்கக் கரையிலிருந்து பார்த்தால் பாதி புரியாது. சைத்தோவிலிருந்து பாலம் வரை இடையில் நிழல் குறைவு, தலைக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.